இரண்டாம் பூனையின் வருகை

வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது. ஐந்தாறு ஆண்டுகளாக அதுவே அவ்வீட்டின் ஏக அதிபதி. ஒருநாள் மழையில் நனைந்த குட்டியொன்று மாடிப்படிக்கு அடியில் அகப்படுகிறது. அல்லது ஊர் மாற்றலாகிச் செல்லும் நண்பர் ஒருவர் தம் பூனையை ஒப்படைத்துவிட்டுப் போகிறார். அன்றிலிருந்து முதல் பூனை கட்டிலுக்கடியிலிருந்து வெளிவர மறுக்கிறது. தட்டில் வைத்த மீன் காய்ந்துபோகிறது. நான்காம் நாள் படுக்கை விரிப்பில் சிறுநீர் கழித்துவைக்கிறது. இதற்கு வீட்டார் சொல்லும் விளக்கம் அநேகமாக ஒரே சொல்லில் அடங்கிவிடும்: பொறாமை.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும் என்பது நம் எண்ணம். ஒரு பிழையான சொல் ஒரு பிழையான செயலுக்கு எப்படி இட்டுச்செல்லும் என்பதை, சொற்களில் அக்கறை கொண்ட வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பொறாமை என்று பெயரிட்டவுடன் அது ஒரு குடும்பக் கதையாகிவிடுகிறது. மூத்த பிள்ளை, புதிதாய்ப் பிறந்த தம்பி, பங்கு போடப்பட்ட அன்பு என்று நமக்கு நன்கு பழகிய பாத்திரங்கள் வந்து அமர்ந்துவிடுகின்றன. எனவே சிகிச்சையும் குடும்பச் சிகிச்சையாகவே அமைகிறது. இரண்டையும் மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறோம். புதிய பூனையின் கண்ணெதிரே பழையதைக் கூடுதலாகக் கொஞ்சுகிறோம். சீறினால் அதட்டுகிறோம். இவை ஒவ்வொன்றும், ஏற்கெனவே அஞ்சிக்கிடக்கும் விலங்கை மேலும் ஒரு மூலைக்குத் தள்ளுகின்றன. அன்பில் பங்கு கேட்டு அந்தப் பூனை வழக்காடவில்லை. தன் நிலத்துக்குள் அறிமுகமில்லாத ஒருவர் புகுந்துவிட்டார், ஓடிப்போகவும் வழியில்லை என்பதே அதன் துயரம்.

இதைப் புரிந்துகொள்ளப் பூனையின் பூர்வீகத்தைச் சற்றே நோக்க வேண்டும். உலகின் வீட்டுப்பூனைகள் அனைத்தும் வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ‘லிபிகா’ என்ற காட்டுப்பூனையின் வழித்தோன்றல்கள் என்று 2007-இல் வெளியான விரிவான மரபணு ஆய்வு காட்டியது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் ஒரு மனிதருக்கு அருகே ஒரு பூனையின் முழு எலும்புக்கூடு கிடைத்தது. அக்கண்டுபிடிப்பு 2004-இல் வெளியிடப்பட்டது. மனிதரோடு பூனைக்குள்ள உறவு அவ்வளவு பழையது. ஆனால் மற்றொரு பூனையோடு அதற்குள்ள உறவு வேறு கதை. நாயின் மூதாதையான ஓநாய் கூட்டமாக வேட்டையாடிக் கூட்டமாக உண்ட விலங்கு. காட்டுப்பூனையோ தனியாக வேட்டையாடுவது. ஓர் எலி ஒரு பூனைக்கு ஒருவேளை உணவு. அதைப் பிடிக்கத் துணை வேண்டியதில்லை, பிடித்தபின் பகிரவும் மிச்சமில்லை. எனவே சமாதானம் பேசுவதற்கான உடல்மொழி ஓநாய்க்கு வாய்த்த அளவுக்குப் பூனைக்கு வாய்க்கவில்லை. விலகிப்போவதே அதன் பிரதான ராஜதந்திரம்.

அப்படியானால் பூனைகள் சேர்ந்து வாழ்வதே இல்லையா என்று கேட்கலாம். வாழ்கின்றன. பாரதியின் ‘முரசு’ பாடலில் ஒரே வீட்டில் பல நிறப் பூனைகள் வருவதைத் தமிழ் வாசகர் எவரும் மறந்திருக்கமாட்டார். மானுட ஒற்றுமைக்கு உவமையாக அதைப் படித்து வளர்ந்த நமக்கு, ஒரு கூரையின்கீழ்ப் பல பூனைகள் என்பது இயல்பான காட்சியாகவே மனத்தில் பதிந்திருக்கிறது. ஆனால் அப்பாடலில் இருப்பவை யார் என்று கவனிக்க வேண்டும். ஒரு தாயும் அவள் ஈன்ற குட்டிகளும். கவி மிகச் சரியாகவே பார்த்திருக்கிறார். மீன் அங்காடிகளிலும் பண்ணைகளிலும் தாயும் மகள்களும் சகோதரிகளுமாகப் பூனைகள் கூட்டமாக வாழ்வதையும், ஒன்றன் குட்டிகளுக்கு மற்றது பாலூட்டுவதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதே கூட்டங்கள், வெளியிலிருந்து வரும் அந்நியப் பூனையைப் பெரும்பாலும் விரட்டியே அடிக்கின்றன. நாம் வீட்டுக்குக் கொண்டுவரும் இரண்டாவது பூனை அந்த அந்நியர்தான்.

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்திருக்கிறது. அது பூனையில் அல்ல, வீட்டில். ஓட்டுக்கூரையும் முற்றமும் கொல்லைப்புறமும் இருந்த வீடுகளில் இரண்டு மூன்று பூனைகள் வளர்ந்தன. யாரும் அவற்றுக்கு அறிமுக விழா நடத்தவில்லை. ஒன்றுக்கு மற்றது பிடிக்காவிட்டால் அது கூரைமேல் ஏறிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், இரவில் வரும், அல்லது வராமலே போய்விடும். ஜெர்மானிய விலங்கியலாளர் பால் லைஹவுசென் இத்தகைய பூனைகளைக் கூர்ந்து கவனித்தவர். அண்டை வீட்டுப் பூனைகள் ஒரே பாதையை வெவ்வேறு நேரங்களில் பயன்படுத்திக்கொள்வதையும், சந்திப்பில் எதிர்ப்பட்டால் ஒன்று காத்திருந்து மற்றதைப் போகவிடுவதையும் அவர் எழுதியிருக்கிறார். நிலத்தைப் பங்கிட முடியாதபோது நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் உடன்படிக்கை அது. இன்றைய இரண்டு படுக்கையறைக் குடியிருப்பில் பால்கனிக்கு வலை அடித்திருக்கிறோம், வாசற்கதவைப் பூட்டியிருக்கிறோம். பூனையின் பாதுகாப்புக்காகச் செய்த சரியான காரியங்களே இவை. ஆனால் விலகிப்போகும் வழியை அடைத்தவர் நாம் என்பதால், அதற்கு மாற்று ஏற்பாடு செய்யும் கடமையும் நம்முடையதாகிறது.

‘எங்கள் வீட்டில் சண்டையே இல்லையே’ என்று சிலர் ஆறுதலடைவதுண்டு. பூனைகளின் பகை பெரும்பாலும் ஓசையற்றது. நடைவழியின் நடுவே ஒரு பூனை சாவதானமாகப் படுத்திருக்கிறது. மற்றது சமையலறைக்கு வர முடியாமல் திரும்பிப்போகிறது. மணல் தட்டுக்குச் செல்லும் வழியில் ஒன்று கண்ணிமைக்காமல் உற்றுப்பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. மற்றது அடக்கிக்கொண்டு, கடைசியில் சோபாவுக்குப் பின்னால் போகிறது. பார்ப்பவருக்கு இது அமைதியாகத் தெரியும். இடைவிடாமல் நக்கி நக்கி வயிற்றில் மயிர் உதிர்ந்து போவதும், பகலெல்லாம் அலமாரிக்குள் கிடப்பதும், விளையாட்டை மறப்பதும், சுவரில் சிறுநீரைப் பீய்ச்சுவதும் இந்த அமைதியின் விளைவுகளே.

விளைவு அத்தோடு நிற்பதில்லை என்பதால்தான் இதைப் பற்றி எழுதுவது அவசியம் என்று கருதுகிறோம். கிருமித் தொற்று எதுவுமின்றிப் பூனைகளுக்கு வரும் சிறுநீர்ப்பை அழற்சிக்கும் அவை வாழும் சூழலின் நெருக்கடிக்கும் தொடர்புண்டு. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டனும் அவருடைய சகாக்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுச் சூழலைச் சீரமைத்ததும் இந்நோயுள்ள பூனைகளின் உபாதைகள் குறைந்ததைக் காட்டினார்கள். கடுவன் பூனை முக்கி முக்கி அமர்ந்தும் சிறுநீர் வராவிட்டால் அது அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கக்கூடியது. விடியட்டும் என்று காத்திருக்கலாகாது, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அவ்வாறே பூனை தொடர்ந்து பட்டினி கிடப்பதும் ஆபத்து. குறிப்பாகப் பருத்த பூனைகளுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும். ஒரு முழுநாள் எதையும் தொடாவிட்டால் மருத்துவரைக் கேட்பது நல்லது. ‘கோபித்துக்கொண்டு சாப்பிடவில்லை’ என்று நாம் சிரித்துக்கொண்டிருக்கும் வேளையில் நடப்பது இது.

இனி, செய்யக்கூடியவை. முதலாவது, புதிய பூனைக்கு ஒரு தனி அறை. உணவு, நீர், மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி ஆகியவற்றோடு அது அங்கேயே இருக்கட்டும். வீட்டின் மற்ற பகுதி முழுதும் பழைய பூனைக்கே உரியதாக நீடிக்கட்டும். தெருவிலிருந்து வந்த குட்டியாயின் இதற்கு வேறொரு காரணமும் உண்டு. பான்லூகோபீனியா என்ற கொடிய வைரஸ் நோயும் காதுப்பூச்சியும் தெள்ளும் அதனோடு வந்திருக்கக்கூடும். மருத்துவர் பார்த்து, தடுப்பூசி தொடங்கி, இரண்டு வாரமாவது கழியும்வரை கதவு மூடியிருப்பது இரண்டுக்கும் நல்லது.

இரண்டாவது, முகம் பார்ப்பதற்கு முன்பு மணம் அறியட்டும். பூனைக்குக் கன்னங்களில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. அது மேசைக்காலிலும் நம் முழங்காலிலும் கன்னத்தை உரசுவது அந்த இடத்தில் தன் கையொப்பத்தைப் பதிப்பதற்காகத்தான். ஒரு பூனையின் கன்னத்தை மெல்லிய துணியால் வருடி, அத்துணியை மற்றதன் அறையில் வைக்கலாம். மறுபுறமும் அவ்வாறே. சில நாட்கள் கழித்து அறைகளை ஒருமணி நேரம் மாற்றிவிடலாம்; ஒன்று மற்றதன் இடத்தை நேரில் சந்திக்காமலே ஆராயும். துணியைக் கண்டு சீறுகிற பூனை இன்னும் ஆளைக் காணத் தயாராகவில்லை. கன்ன வாசனையைப் போலச் செயற்கையாகத் தயாரித்த ஆவித் திரவங்கள் 1990-களிலிருந்து விற்பனையில் உள்ளன. அவை சில வீடுகளில் துணைசெய்யலாம். இங்கே சொல்லப்படும் மற்றவற்றுக்கு மாற்றாகா. இந்த வேளையில் தரையைப் பினாயிலால் கழுவுவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அதிலுள்ள ஃபீனால் வகைச் சேர்மங்கள் பூனைக்கு நஞ்சு. அதன் நெடியோ பூனை பாடுபட்டு எழுதிவைத்த வாசனை முழுவதையும் மூழ்கடித்துவிடும்.

மூன்றாவது, மூடிய கதவின் இருபுறமும் உணவு. முதலில் கதவிலிருந்து தள்ளி; இரண்டும் நிம்மதியாக உண்கின்றன என்று உறுதியானபின் நாளுக்குச் சிறிது கதவை நோக்கி நகர்த்த வேண்டும். அந்நிய வாசனையும் பிடித்தமான மீனும் ஒன்றாக வந்து பழகும்போது, அந்த வாசனை அபாயத்தின் அறிகுறியாக இருப்பது மெல்ல மாறுகிறது. இதன்பின்தான் பார்வை. நம் ஊர் வீடுகளில் கொசுவலை அடித்த கதவு இதற்கென்றே செய்யப்பட்டது போல உதவும். அதன்மேல் பாதியளவு ஒரு போர்வையைத் தொங்கவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தலாம். ஐந்து நிமிடச் சந்திப்பு போதும். ஒன்று உறைந்துபோய் உற்றுநோக்கத் தொடங்கினால், குரல் எழும்பும்வரை காத்திராமல், வேறொன்றைக் காட்டிக் கவனத்தைத் திருப்பிக் கதவை மூடிவிட வேண்டும். வலையில்லாச் சந்திப்பு இவையனைத்தும் சலிப்பூட்டுமளவு சாதாரணமான பிறகே.

அப்போதும் கைகலப்பு நேரக்கூடும். நடுவே கையை நீட்டலாகாது. மிரண்ட பூனை யாரென்று பாராமல் கடிக்கும், அக்கடி எளிதில் சீழ்பிடிக்கும். ஓர் அட்டைப்பலகையையோ தலையணையையோ இடையில் செருகி, தனித்தனி அறையில் விட்டு, ஆற அமர ஒருநாள் கொடுக்க வேண்டும். பிறகு மூடிய கதவிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான். சில வீடுகளில் இது இரண்டு வாரத்தில் முடிகிறது. சிலவற்றில் பல மாதங்கள் பிடிக்கும். இரண்டில் எது அதிகம் அஞ்சுகிறதோ அதன் வேகமே வீட்டின் வேகம்.

இவற்றோடு வீட்டைப் பங்கிடுவது என்ற முக்கியமான காரியமும் இருக்கிறது. அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கமும் பன்னாட்டுப் பூனை மருத்துவ அமைப்பும் இணைந்து 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், அத்தியாவசியப் பொருட்கள் பலவாகவும் ஒன்றிலிருந்து ஒன்று விலகியும் இருக்க வேண்டும் என்பதை ஐந்து தூண்களுள் ஒன்றாகச் சொல்கின்றன. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக மணல் தட்டு வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இரண்டு பூனைக்கு மூன்று. மூன்றையும் குளியலறையில் வரிசையாக வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒன்றுதான், ஒரே காவலாளி மூன்றையும் மறித்துவிட முடியும் என்பதால். உணவுக் கிண்ணமும் நீரும் அப்படியே பிரிந்திருக்கட்டும். தரையில் இடமில்லாதவர்கள் சுவரில் இடம் தேடலாம். பரணுக்கு ஏற ஒரு வழி, பீரோவின் உச்சியில் ஒரு மெத்தை, ஜன்னலோரம் ஒரு பலகை என்று உயரங்கள் கூடும்போது அதே நானூறு சதுர அடி இரண்டு நாடுகளாக விரியும். ஒளிவிடங்களுக்கு இரண்டு வாய்கள் இருக்க வேண்டும். ஒரே வாயிலுள்ள பெட்டி புகலிடமாகாது, பொறியாகும். இரண்டுக்கும் கருத்தடைச் சிகிச்சை செய்வதும், மாலையில் ஒவ்வொன்றோடும் தனித்தனியே பத்து நிமிடம் கயிறாட்டி விளையாடுவதும் பதற்றத்தைப் பெரிதும் தணிக்கும்.

இத்தனை ஆரவாரம் எதற்கு, விட்டால் அவையே அடித்துக்கொண்டு தீர்த்துக்கொள்ளுமே என்பவர்கள் உண்டு. திறந்த வெளியில் அது மெய்யே. அங்கே சண்டை தீர்வது தோற்றது ஊரைவிட்டுப் போவதால். பூட்டிய வீட்டுக்குள் தோற்ற பூனை எங்கே போகும்? அது தினமும் தோற்றுக்கொண்டிருக்கும். வேறு சிலர், தங்கள் பூனைகள் முதல் வாரத்திலேயே ஒன்றை ஒன்று நக்கிக்கொடுத்து ஒட்டி உறங்கின என்பார்கள். அதுவும் மெய்யாக இருக்கலாம். பிறந்து இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம்வரை மற்றப் பூனைகளோடு வளர்ந்தவை பிற்காலத்திலும் எளிதில் இணங்கிப்போகும். ஆனால் அத்தகைய நட்பு ஒரு கொடுப்பினை. அதையே குறிக்கோளாக வைத்துக்கொண்டு, கிட்டாதபோது பூனையை நொந்துகொள்வது நியாயமன்று. ஒன்று அறையில் இருக்க மற்றது கண்மூடித் தூங்க முடிகிறது, இரண்டும் அச்சமின்றி உண்டு, நீரருந்தி, மணல் தட்டுக்குப் போய்வர முடிகிறது என்றால் அக்குடித்தனம் வெற்றிபெற்றுவிட்டது.

இதிலிருந்து நாம் எட்டும் முடிவு சிலருக்குக் கசக்கக்கூடும். ‘பாவம், தனியாக இருக்கிறது, துணைக்கு ஒன்று வாங்குவோம்’ என்ற எண்ணத்தை நாம் ஆதரிக்கவில்லை. பகல் முழுதும் வீட்டைப் பூட்டிவிட்டு அலுவலகம் செல்வோரின் குற்ற உணர்வுக்கு அது மருந்தாகலாம். வளர்ந்து நிலைபெற்ற பூனைக்கு மருந்தாவது அரிது. இரண்டு பூனைகள் வேண்டும் என்போர் தொடக்கத்திலேயே ஓர் ஈற்றைச் சேர்ந்த இரண்டு குட்டிகளைக் கொண்டுவரலாம். ஆதரவற்றதாய் வந்து சேரும் இரண்டாவது பூனையை ஏற்பவர்களைப் பாராட்டவே தோன்றுகிறது. அந்த இரக்கத்தின் விலையைப் பழைய பூனை மட்டும் கொடுக்கும்படி விட்டுவிடக் கூடாது என்பதே நம் வேண்டுகோள்.

எல்லாம் செய்தும் இணங்காத ஜோடிகள் சில இருக்கும். அப்போது அறைகளை நிரந்தரமாகப் பிரித்துக்கொள்வதோ, மருத்துவரின் ஆலோசனையோடு மருந்து தருவதோ, ஒன்றுக்கு நல்ல வேறு வீடு தேடுவதோ தோல்வியல்ல. கோணிச்சாக்கில் கட்டி மீன் அங்காடிப் பக்கம் விட்டுவரும் பழைய வழக்கம் மட்டும் கூடவே கூடாது. வீட்டுணவில் வளர்ந்த பூனைக்கு அது பெரும்பாலும் மரண தண்டனை. பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி இந்தியாவில் குற்றமும்கூட. அப்படி விடப்படும் பூனைகளில் பல, படுக்கையில் சிறுநீர் கழித்தவை, ‘பொறாமை பிடித்தவை’ என்று பெயர் வாங்கியவை. அவற்றில் எத்தனைக்கு மூன்றாவது மணல் தட்டும் ஒரு மூடிய கதவும் போதுமானவையாக இருந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆகவே இரண்டாம் பூனையைக் கொண்டுவர உத்தேசித்திருக்கும் நண்பர்கள், அதற்குப் பெயர் தேடுவதற்கு முன்பு வீட்டை ஒருமுறை சுற்றி வரட்டும். எந்தக் கதவை மூடலாம், எந்த உயரத்துக்கு வழி அமைக்கலாம், பழைய பூனை விலகிப்போக நினைத்தால் எத்தனை வழி இருக்கிறது என்று பார்க்கட்டும். குறைந்தது இரண்டு வழியாவது தென்பட்ட பின் புதியவரை அழைத்து வரலாம்.